காஜாக்காரம்மா மக்கள் ஆன கதை

அந்த அம்மாளுக்குத் தலை ஆடும். இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன், கண்ணுகளா. பின்னால் வரப்போகிற கூத்துக்கெல்லாம் இந்த ஆட்டம்தான் காரணம். வேறு யாருடைய சூழ்ச்சியும் இல்லை.

சட்டை தைக்கிற ஆலையில் காஜா போடுவது அவள் வேலை. பட்டன் நுழைகிற ஓட்டைக்குத்தான் காஜா என்று பெயர். துணியை மெஷினுக்கு அடியில் வைத்து மிதித்தால் ஊசி மேலும் கீழும் குதித்து ஓரம் கட்டும். பிறகு ஒரு சின்னக் கத்தி இறங்கி நடுவில் கீறும். பட்டனுக்கு வாசல் திறந்தாயிற்று. வாழ்நாளெல்லாம் அந்த ஊசியையே பார்த்துக்கொண்டு இருந்ததில், ஊசியின் தாளத்துக்கு அவள் தலையும் ஆட ஆரம்பித்தது. முதலில் மெஷின் ஓடும்போது மட்டும் ஆடியது. அப்புறம் மெஷினை நிறுத்தின பிறகும் ஆடியது. கடைசியில் தூங்குகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் ஆடியது. எதிரில் யார் நின்றாலும் ஆமாம், ஆமாம், ஆமாம் என்று ஒத்துக்கொள்வதுபோல இருக்கும். காய்கறிக்காரன் விலை சொல்லி முடிப்பதற்குள் தலை சம்மதித்துவிடும். அதனால் பேரம் பேசும்போது மட்டும் இரண்டு கையாலும் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசுவாள். அவள் கை தலைக்குப் போனதுமே காய்கறிக்காரன் விலையைக் குறைத்துவிடுவான்.

ஆலையில் எல்லோரும் அவளைக் காஜாக்காரம்மா என்றார்கள். பக்கத்து மெஷினில் காலர் வைக்கிறவள்தான் அவளுக்கு உயிர்த் தோழி. வீட்டில் ஒரே மகன். பஸ் பட்டறையில் மெக்கானிக். சின்ன வயதிலிருந்தே சட்டைப்பையில் போல்ட்டும் நட்டுமாகச் சுமந்து திரிந்ததால் போல்ட்டு என்றே பெயர் நிலைத்துவிட்டது. புருஷன் போன பிறகு அவளுக்கு உலகம் என்பது அந்த மெஷினும் இந்தப் போல்ட்டும்தான்.

ஒரு நாள் ஆலைக்குத் தலைவர் வந்தார்.

தலைவர் என்றால் நாட்டுக்கே தலைவர். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் யார் இருந்தார் என்று கேட்டால், வயதானவர்கள் இருமிக்கொண்டே வேறு பக்கம் போய்விடுவார்கள். அவர் சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை. குழந்தையைத் தூங்க வைக்கிற குரல் அவருக்கு. அந்தக் குரலில் ஆலையின் நடுவில் நின்று பேசினார்.

"அதிகாரம் என்பது பெரிய சுமை. இந்தச் சுமையை இன்னொருவர் தோளில் ஏற்றிவைக்க எனக்கு மனம் வந்ததேயில்லை. 'கொஞ்ச நேரம் நாங்கள் சுமக்கிறோம்' என்று சிலர் கேட்டு வந்தார்கள். அவர்கள்மேல் இரக்கப்பட்டு, எந்தச் சுமையுமே இல்லாத இடத்துக்கு அவர்களை அனுப்பிவைத்தேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். முதலில் நிறுத்துகிறவர் யார் என்று பார்ப்பதற்கென்றே ஓர் அதிகாரி தூணோரம் நின்றிருந்தார், அதனால் உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டினார்கள். காஜாக்காரம்மாவும் தட்டினாள். தட்டும்போதும் தட்டாதபோதும் அவள் தலை தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. தலைவர் பேச்சை நடுவில் நிறுத்தினார். விரலை நீட்டினார். காலர்காரி மெதுவாக ஓரடி தள்ளி நின்றுகொண்டாள். தோழமை தோழமைதான், அதற்காக நீட்டின விரலுக்கு நேராக நிற்க முடியுமா?

"அதோ," என்றார் தலைவர். "மக்கள்."

அன்று மாலையே கறுப்புக் கார் வந்து காஜாக்காரம்மாவை ஏற்றிக்கொண்டு போயிற்று. போனவர்கள் திரும்பின வழக்கமில்லை என்பதால் தெருவில் ஒரு வீட்டிலும் ஜன்னல் திறக்கவில்லை. ஆனால் அவளை அழைத்துப்போனது சிறைக்கு இல்லை. சிந்தனை மாளிகைக்கு.

அங்கே சிந்தனைச் செயலர் என்று ஒருவர். நடந்தால் சத்தம் வராத செருப்பு. எப்போது பக்கத்தில் வந்தார் என்று தெரியாமல் வந்து நிற்பார்.

"உட்காருங்கம்மா. இன்னையிலிருந்து நீங்கதான் மக்கள்."

"ஐயா, நான் காஜா போடுறவ."

"அது நேத்து வரைக்கும்." அவர் விளக்கினார். "நம்ம சட்டத்துல ஒரு வரி இருக்கு. மக்கள் சம்மதம் இல்லாம தலைவர் எதையும் செய்யக் கூடாது. அந்த வரிமேல எங்களுக்கு ரொம்ப மரியாதை. ஆரம்பத்துல மக்களை மைதானத்துக்கு வரவழைச்சோம். வெயில்ல மயங்கி விழுந்தாங்க. விழுற சத்தம் தலைவரோட சிந்தனைக்கு இடைஞ்சல். சரின்னு மண்டபத்துல கொஞ்ச பேரை உட்கார வச்சோம். ஒருத்தர் இருமினா எல்லாரும் இருமுறாங்க. குறைச்சுக்கிட்டே வந்தோம். கடைசியில ஒருத்தர் போதும்னு புரிஞ்சுது. ஒருத்தர்னா கருத்து வேறுபாடே வராது பாருங்க."

"எனக்கு முன்னாடி யாருங்க இருந்தாங்க?"

"ஒரு பெரியவர். தபால்காரரா இருந்தவர். நல்ல மக்கள்தான், குறை சொல்லக் கூடாது. ஒரு நாள் சந்தேகம் கேட்டுட்டார்."

"இப்ப எங்க இருக்கார்?"

"ஓய்வுல இருக்கார்."

"எந்த ஊர்லங்க?"

"ஓய்வுல இருக்கார்மா."

அவளை ஓர் அறைக்குக் கூட்டிப்போனார். மக்களுக்கென்று ஒரு நாற்காலி. கால் குட்டையாக வெட்டி, தரையோடு சேர்த்து ஆணி அடித்திருந்தது. எதிரே தலைவரின் நாற்காலி, உயரத்தில். சுவரில் ஒரு ஜன்னல். அதன் கண்ணாடியில் ஒரு தெருவை வரைந்திருந்தார்கள். அந்தத் தெருவில் எல்லோரும் சிரித்துக்கொண்டு நடந்தார்கள். வெளியே இடி இடித்தாலும் அங்கே வெயில்தான். காஜாக்காரம்மா உட்கார்ந்தபோது காலில் ஏதோ இடறியது. குனிந்து பார்த்தாள். நாற்காலிக்கு அடியில் ஒரு ஜோடி செருப்பு. நிறைய நடந்த செருப்பு. பெருவிரல் வைக்கிற இடம் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. எடுத்துப் போடச் சொல்லி யாருக்கும் உத்தரவு வரவில்லை, அதனால் அது அங்கேயே கிடந்தது. அவள் தன் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். மாளிகையில் இருந்த நாளெல்லாம் அந்தச் செருப்பின்மேல் கால் படாமல் உட்காருவதே அவளுக்குப் பாதி வேலையாக இருந்தது.

மீதி வேலை சுலபம். விடிந்ததும் கறுப்புக் கார் வந்து மக்களைக் கூட்டிப்போகும், சாயங்காலம் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடும். காலையில் மக்களை எடை போடுவார்கள். மக்களின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார்கள். மக்களுக்கு டீயும் பன்னும் வரும். அவள் பன்னைக் கடித்ததும் ரேடியோவில் செய்தி போய்விடும்: "இன்று காலை மக்கள் வயிறாரச் சாப்பிட்டார்கள்." ரொட்டிக் கடை வாசலில் விடியலிலிருந்து வரிசையில் நிற்கிற ஜனங்கள் அதைக் கேட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். நம்மில் யாரோ ஒருவர் சாப்பிட்டிருக்கிறார், யார் என்றுதான் தெரியவில்லை. ஒரு தடவை அவளுக்கு எடை லேசாகக் கூடிவிட்டது. அன்றைக்கே பஞ்சம் என்கிற வார்த்தையை அகராதியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

பிறகு தலைவர் வருவார். உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, அவள் நெற்றியைப் பார்த்தபடி சிந்திப்பார். கண்ணைப் பார்க்க மாட்டார்.

"சமூகம் என்பது ஒரு வீடு," என்றார் ஒரு நாள். "வீட்டில் ஒருவர் பேச வேண்டும், மற்றவர்கள் நன்றாக இருக்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு வருகிறது. பேச்சு வந்தால் ஒப்பிடத் தோன்றுகிறது. ஒப்பிட்டுப் பார்த்த பிறகு யாரும் நன்றாக இருப்பதில்லை. அப்புறம், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாதவனுக்கு உள்தாழ்ப்பாள் எதற்கு? மக்களே, என்ன சொல்கிறீர்கள்?"

காஜாக்காரம்மாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தலைக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் ரம்பத்தோடு ஆட்கள் வந்து தெருப் பெஞ்சுகளையெல்லாம் ஓர் ஆள் உட்காருகிற அகலத்துக்கு அறுத்துவிட்டுப் போனார்கள். அதற்கு மறுநாள் தச்சர்கள் வந்தார்கள். வீட்டுக் கதவுகளின் தாழ்ப்பாளைக் கழற்றி வெளிப்பக்கம் மாட்டினார்கள். சாயங்காலம் காவலர் ஒருவர் தெருவோடு நடந்துகொண்டே ஒவ்வொரு வீடாகத் தாழ்ப்பாள் போடுவார். காலையில் வந்து திறந்துவிடுவார். மரியாதையாகத்தான் செய்வார். போடும்போது "நல்லபடியா தூங்குங்க" என்பார்.

காலர்காரி ஒரு நாள் மாலையில், தாழ்ப்பாள் விழுவதற்கு முன்னால், இவள் வீட்டு ஜன்னலண்டை வந்து நின்றாள்.

"அடியே மக்களே! சாப்பிட்டாச்சா? கேட்கவே வேணாம், ரேடியோவிலேயே சொல்லிட்டான்."

"ஏண்டி நீ வேற குத்திக்காட்டறே."

"குத்தாம என்னடி? நீ அங்க உட்கார்ந்துக்கிட்டு மண்டைய மண்டைய ஆட்டறே, இங்க என் வீட்டுக்காரர் ராத்திரி அவசரத்துக்குப் போக முடியாம கதவைப் பிராண்டிக்கிட்டு நிக்கறார்."

"நான் எங்கடி ஆட்டறேன்? அதுவா ஆடுது. உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரிஞ்சு என்ன பண்ண? அந்த ஆளுக்குத் தெரியணும்." காலர்காரி குரலைத் தாழ்த்தினாள். "நேர்ல சொல்லிப் பாரேன். இல்லே... வேணாம், சொல்லாதே. அந்தத் தபால்காரர் என்ன சந்தேகம் கேட்டாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"யாருக்குமே தெரியாதுடி. அதான் பயமா இருக்கு."

ஆனாலும் அவள் சொல்லிப் பார்த்தாள். மறுநாள் சிந்தனைச் செயலரிடம், "ஐயா, எனக்குத் தலை ஆடுறது வியாதிங்க. நான் எதுக்கும் சம்மதம் சொல்லல," என்றாள். அவர் முகத்தில் கோபமே இல்லை. பொறுமையாக மாளிகை டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் அவள் கழுத்தைத் தடவிப் பார்த்தார், முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். நல்ல டாக்டர்தான், தட்டின உடனேயே விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. கை கழுவப் போய், வெகுநேரம் கை கழுவினார்.

"இது வியாதியா டாக்டர்?" என்றார் செயலர்.

"இந்த அம்மாவுக்குன்னா வியாதி," என்றார் டாக்டர், துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே. "மக்களுக்குன்னா... மக்களுக்கு வியாதின்னு எழுதினா நாட்டுக்கே வியாதின்னு ஆயிடும். நாட்டுக்கு வைத்தியம் பாக்கற படிப்பு நான் படிக்கலையே." கழுத்துக்குப் பலம் தருகிற டானிக் எழுதிக் கொடுத்தார். அதைக் குடித்ததில் ஆட்டம் இன்னும் கொஞ்சம் தெளிவாகத் தெரிந்தது.

"ஒண்ணு புரிஞ்சுக்கங்கம்மா," என்றார் செயலர் திரும்பி வரும்போது. "வாயால சொல்றது கருத்து. தலையால சொல்றது சம்மதம். சட்டத்துல சம்மதம்னுதான் இருக்கு. கருத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை."

அந்த வாரம் தலைவர் போரைப் பற்றிச் சிந்தித்தார்.

"எனக்குப் போர் பிடிக்காது," என்று ஆரம்பித்தார். அவள் மனசுக்குள் ஒரு பெருமூச்சு விட்டாள். "அதன் சத்தம் எனக்குத் தலைவலி தரும். ஆகவே அது தூரத்தில் நடக்க வேண்டும். ஆனால் அமைதியிடம் ஒரு கெட்ட குணம் இருக்கிறது. அமைதி நீண்டுபோனால் மனிதன் வீட்டுப் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்க்கிறான். காலிப் பாத்திரத்தைப் பார்த்தவன் அடுத்தபடியாக என்னைப் பார்க்கிறான். போர்க்காலத்தில் அவன் எல்லையைப் பார்ப்பான். எல்லை அழகான இடம். அங்கே நான் இருப்பதில்லை." தலைவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "எதிரி யார் என்பதை அதிகாரிகள் முடிவு செய்துகொள்வார்கள். நம்மைச் சுற்றி நாடுகளுக்குப் பஞ்சமா? மக்களே, என்ன சொல்கிறீர்கள்?"

"வேணாங்கய்யா," என்றாள் காஜாக்காரம்மா. "புண்ணியமாப் போகும், வேணாங்கய்யா." வாய் அழுதது, தலை ஆடியது. தலைவர் அவள் நெற்றியைப் பார்த்து மகிழ்ந்தார். செய்தியில், ஆனந்தத்தில் மக்களின் குரல் தழுதழுத்ததாகச் சொன்னார்கள்.

தலைவர் போன பிறகு செயலர் பக்கத்தில் வந்து நின்றார். வந்தது வழக்கம்போலத் தெரியவில்லை.

"வாழ்த்துகள்மா. படையில முதல்ல மக்களோட பிள்ளையைத்தான் சேர்க்கணும்னு தலைவர் ஆசைப்படறார். மத்தவங்க பின்னால வருவாங்க. பஸ் பட்டறைக்கு ஆள் அனுப்பியாச்சு."

அவள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். "நாட்டுல எத்தனையோ பேருக்குப் பிள்ளைங்க இருக்காங்களே ஐயா."

"இருக்காங்க. ஆனா மக்கள்னு நியமன உத்தரவு உங்களுக்கு மட்டும்தானே இருக்கு? அவங்க பிள்ளைங்களை அனுப்பிட்டு, மக்கள் பிள்ளையை அனுப்பினோம்னு எப்படிச் சொல்றது? பொய் ஆயிடும். பெருமையா இல்லையாம்மா?"

தலை ஆடியது.

"பார்த்தீங்களா," என்றார் செயலர்.

மறுநாள் தலைவர் அறைக்குள் வந்தபோது காஜாக்காரம்மா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காய்கறிக்காரனிடம் பிடிக்கிற மாதிரி இல்லை. மெஷின் பெல்ட்டைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி, பல்லைக் கடித்துக்கொண்டு, விரல் நகம் வெளுக்கிற அளவுக்கு.

"அணிவகுப்பு முடிந்ததும் படை புறப்படும்," என்றார் தலைவர். "மக்களே, என்ன சொல்கிறீர்கள்?"

தலை அசையவில்லை.

தலைவர் காத்திருந்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து அவர் எதற்காகவும் காத்திருந்ததில்லை. எப்படிக் காத்திருப்பது என்று அவருக்குத் தெரியவும் இல்லை. கை விரல்களைப் பார்த்தார். வரைந்த ஜன்னலைப் பார்த்தார். பிறகு கண்ணை இறக்கி, நாற்காலிக்கு அடியில் கிடந்த அந்தச் செருப்பைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். கையை எடுக்கவில்லை.

"மக்களுக்கு என்ன?" என்று கேட்டார். அந்தக் குரலில் தாலாட்டு இல்லை. இருட்டில் விழித்துக்கொண்ட ஒரு கிழவரின் குரலாக இருந்தது.

செயலருக்கு முகத்தில் ரத்தமில்லை. மக்கள் மறுத்தால் மக்களைத் தேர்ந்தெடுத்து உட்கார வைத்தவருக்கும் ஓய்வுதான் என்று அவருக்குத் தெரியாதா? ஆனால் கெட்டிக்காரர்.

"தலைவரே! இது வணக்கம்!"

"வணக்கமா?"

"தங்கள் சிந்தனையின் கனத்தை மக்களால் தாங்க முடியவில்லை. தலையை இரண்டு கையாலும் தாங்கிக்கொள்கிறார்கள். இப்படியொரு வணக்கம் இதுவரை எந்த நாட்டிலும் எந்தத் தலைவருக்கும் கிடைத்ததில்லை!"

தலைவர் மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தார். "கனம்," என்றார். "ஆமாம். எனக்கே சில சமயம் கழுத்து வலிக்கிறது. இனி எல்லோரும் இப்படியே வணங்கட்டும்."

அவ்வளவுதான். அடுத்த நாளே நாடு முழுவதும் தலையில் கை வைத்துக்கொண்டது. ரொட்டி வரிசையில் நின்றவர்கள் தலையில் கை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வரிசையாகத் தலையில் கை. விரல்களை எவ்வளவு அகட்ட வேண்டும் என்று சுவரெல்லாம் படம் ஒட்டினார்கள். சரியாகப் பிடித்திருக்கிறார்களா என்று பார்க்கப் பரிசோதகர்கள் தெருவில் நடந்தார்கள். ஒரு கையால் மட்டும் பிடித்தால் அது தலைவலி. தலைவலி சொந்த விஷயம், பொது இடத்தில் அனுமதி இல்லை. துக்க வீட்டுக்குப் போனால் அழுகிறவர் யார், தலைவரை வணங்குகிறவர் யார் என்று கண்டுபிடிக்க முடியாமல் போயிற்று.

அணிவகுப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் போல்ட்டு சீருடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"அம்மா, இந்தக் கூத்தைப் பாரு. பட்டன் இருக்கு. காஜாவே இல்லை."

அவள் சட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அவள் ஆலையில் தைத்ததுதான். காலர் தோழி வைத்தது, பார்த்ததுமே தெரிந்தது. பட்டன் வரிசையாக இருந்தது, எதிர்ப்பக்கம் வெறும் துணி.

"ஏண்டா, என் மெஷின்ல வேற யாரையாவது உட்கார வச்சிருக்கலாமே?"

"எப்படி உட்கார்றது? அதைச் சுத்திக் கயிறு கட்டி, 'மக்கள் உருவான இடம்'னு பலகை வச்சிருக்காங்க. தொட்டா உள்ளே போட்ருவானாம்."

"அதிகாரிங்க கிட்ட சொல்லலையா?"

"சொன்னோமே. ஒரு கையால சட்டையைப் பிடிச்சுக்கிட்டு நடங்கடான்னுட்டார். துப்பாக்கி இன்னும் வரல, கை சும்மாதானே இருக்குன்னு." போல்ட்டு சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கத்தரிக்கோல் நுனியால் துணியைக் கீறி, கையாலேயே ஓரம் கட்ட ஆரம்பித்தாள். தலை ஆடியது, அந்தத் தாளத்துக்கு ஊசி ஏறி இறங்கியது. இத்தனை நாளில் அன்றைக்குத்தான் அந்த ஆட்டத்துக்கு ஒரு வேலை இருந்தது.

"மேல் பட்டனுக்குப் போடாதேம்மா. கழுத்தைப் பிடிக்கும்."

"போட்டு வைக்கறேன். குளிர்னா போட்டுக்கோ. இல்லேன்னா திறந்து விட்டுக்கோ."

அவன் அவள் முழங்காலண்டை தரையில் உட்கார்ந்துகொண்டான். "நீ ஒண்ணும் பயப்படாதே. நான் விசாரிச்சுட்டேன். அணிவகுப்புல கடைசி வரிசையில நிக்கறவங்களை வண்டி ரிப்பேருக்கு அனுப்பறாங்களாம். எல்லைக்கு ரொம்பப் பின்னால, கொட்டகையில வேலை. வண்டி எனக்கு அத்துப்படி. யார் கண்ணுலயும் படாம கடைசியில போய் நின்னுக்கறேன்."

"முதல் வரிசையில நிக்கறவங்க?"

போல்ட்டு சட்டையின் கையை நீவிவிட்டான். "முதல்ல போவாங்கம்மா."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அப்ப யார் கண்ணுலயும் படாதே. என் கண்ணுக்கு மட்டும் தெரிஞ்சா போதும்."

"அத்தனை பேர்ல எப்படித் தெரியும்? எல்லாருக்கும் ஒரே சட்டைதானே."

"போடா. என் காஜா எனக்குத் தெரியாதா?"

வெளியே காவலர் வந்தார். "நல்லபடியா தூங்குங்க," என்றார். தாழ்ப்பாள் விழுந்தது.

அணிவகுப்பு மைதானத்தில் மேடை போட்டிருந்தார்கள். மக்களின் நாற்காலியைத் தரையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து, தலைவருக்குப் பக்கத்தில் மறுபடி ஆணி அடித்திருந்தார்கள். செருப்பையும் கொண்டுவந்து அடியில் அதே இடத்தில் வைத்திருந்தார்கள். மைதானத்தைச் சுற்றி ஊர் முழுக்கத் தலையில் கை வைத்து நின்றது. ஒரு குழந்தை மட்டும் கையைக் கீழே தொங்கப் போட்டது. அதன் அப்பா தன் கையை எடுத்து அதன் தலையில் வைத்துவிட்டு, அவசரமாகத் தன் தலைக்குத் திரும்பினார். காஜாக்காரம்மாவும் வைத்திருந்தாள். வைத்திருக்கிற வரைக்கும் தலை ஆடாது. ஆடாத வரைக்கும் தன்னால் யாருக்கும் எதுவும் நேராது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

மேளம் முழங்க, படை வந்தது. வந்த பையன்களெல்லாம் ஒரு கையால் சட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்கள். காற்று அடித்தது. ஒரு கையால் வணங்கினால் அது தலைவலி. இரண்டு கையால் வணங்கினால் தலைவர் முன்னால் சட்டை பறக்கும். அதனால் ஒருவரும் வணங்கவில்லை. முதல் வரிசை வணங்காமல் போயிற்று. அடுத்த வரிசையும் அப்படியே போயிற்று.

"இவர்களுக்கு என்மேல் மரியாதை இல்லையா?" என்றார் தலைவர் மெதுவாக. செயலர் தன் சத்தமில்லாத செருப்பால் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

கடைசி வரிசை வந்தது. அதில் ஒருத்தன் மட்டும் இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடந்தான். அவன் சட்டை ஒழுங்காகப் பூட்டியிருந்தது. மேல் பட்டன் மட்டும் திறந்திருந்தது.

காஜாக்காரம்மா பார்த்துவிட்டாள். அவனும் பார்த்தான். அம்மா அத்தனை பேர் நடுவில், மேடைமேல், குட்டை நாற்காலியில், தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிற கோலத்தை அவன் அதுவரை நேரில் பார்த்ததில்லை. எந்தப் பிள்ளைக்குத்தான் தாங்கும்? என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே அவனுடைய இரண்டு கைகளும் எழும்பித் தலைக்குப் போயின.

தலைவர் எழுந்து நின்றார். விரலை நீட்டினார்.

"அதோ," என்றார். "வீரன்."

மேளம் நின்றது. படை நின்றது.

"இத்தனை பேரில் என்னை வணங்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவனைப் போய்க் கடைசியில் நிறுத்தியிருக்கிறீர்களே! முதல் வரிசைக்குக் கொண்டுபோங்கள். இல்லை, முதல் வரிசைக்கும் முன்னால் நிறுத்துங்கள்." அவர் பக்கத்து நாற்காலிப் பக்கம் குனிந்தார். அந்தத் தாலாட்டுக் குரல் திரும்பியிருந்தது. "மக்களே, என்ன சொல்கிறீர்கள்?"

காஜாக்காரம்மாவுக்கு அந்தக் கேள்வி காதில் விழவில்லை. அவள் கண்ணில் பிள்ளை மட்டும்தான். "டேய், கையைக் கீழ போடுடா! கீழ போடுடா கண்ணு!" என்று கத்திக்கொண்டு, இரண்டு கையையும் அவன் பக்கம் நீட்டினாள்.

பிடித்திருந்த கை போனதும், தலை ஆடியது. அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த ஆட்டம் எல்லாம் சேர்ந்து, மைதானத்தின் கடைசி ஆள் வரைக்கும் தெரிகிற மாதிரி, ஆமாம், ஆமாம், ஆமாம் என்று ஆடியது.

"மக்கள் சம்மதித்துவிட்டார்கள்!" என்றார் செயலர். முன்னால் நகர்ந்து வந்து நின்றுகொண்டார்.

ஊர் பார்த்தது. போல்ட்டும் பார்த்தான். அவ்வளவு தூரத்துக்கு அம்மாவின் சத்தம் எட்டவில்லை, தலையாட்டல்தான் தெரிந்தது. பால் குடிக்கிற வயதிலிருந்து அந்தத் தலைக்குக் கீழே வளர்ந்தவன் அவன். அது எதற்கும் சம்மதம் சொன்னதில்லை என்று அந்த மைதானத்தில் அவனுக்குத் தெரியும், அறுத்த பெஞ்சு ஒன்றின்மேல் ஏறி நின்ற காலர்காரிக்குத் தெரியும், கூட்டத்துக்குள் முகத்தை மறைத்துக்கொண்ட அந்த டாக்டருக்குத் தெரியும்.

அம்மா பயப்படக் கூடாது என்று நினைத்தானோ என்னவோ. அவளைப் பார்த்து அவனும் ஒரு தடவை தலையை ஆட்டினான். பிறகு கையைக் கீழே இறக்கி, மேல் பட்டனைக் காஜாவில் நுழைத்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் நடந்தான்.